1 லட்சத்துல ஆட்டோ மேல வீடு: கணக்கு ஒத்து வருமா?

வெளிநாட்டுல குதிரை ஏத்துற டிரெய்லரை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு வச்சு வீடா மாத்துற வீடியோ பார்த்திருப்பீங்க. நம்ம ஊர்லயே ஒருத்தர் ஆட்டோவுல செஞ்சு காட்டியிருக்கார்.

நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு. ஆட்டோ மேல 6க்கு 6, மொத்தம் 36 சதுர அடி. அதுக்குள்ளயே சமையலறை, குளியலறை, படுக்கை, மேலே சோலார். பழைய பொருட்களையும் பயன்படுத்தினதால செலவு அப்போ சுமார் 1 லட்சம் ரூபாய். 2021-ல் ஆனந்த் மகிந்திரா ட்விட்டர்ல பாராட்டினார்.

கோவில்பட்டி பக்கம் இந்த ஆசை வர்றது நியாயம்தான். கரிசல் மண் மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும்; அஸ்திவாரத்துக்கே பணம் கரையும். சக்கர வீட்டுக்கு அது மிச்சம். ஆனா சித்திரை வெயில்ல தகரம் கொதிக்கும். வெப்பம் தடுக்கிற ஷீட் அடிக்கணும். ஐப்பசி மழையில சக்கரம் புதையும். சரள் கொட்டிய மேடு வேணும்.

முக்கியமா, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. மீறினா இன்சூரன்ஸ் கிளெய்முக்கே சிக்கல் வரலாம். முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம்தான் வெல்டிங் பட்டறை.

இப்போ கணக்கு. மாச வாடகை 5,000 கட்டுறீங்கன்னா, 1 லட்சம்ங்கிறது 20 மாச வாடகை. நிறுத்துற இடம் சொந்தமா இருந்து, அதுக்கு மேல குடியிருந்தாத்தான் லாபம். வண்டி விலை வருஷா வருஷம் இறங்கும். அதனால சேமிப்புல செய்யுங்க. பர்சனல் லோன் வாங்கிச் செய்யாதீங்க!