இன்னிக்கு ஒரு நாள் போகட்டுமே!

காலை ஏழே முக்கால் மணி. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. எட்டு இருபதுக்கு பஸ். தூங்கும் பையனைத் தூக்கினால் உடம்பு கணகணவென்று இருக்கிறது.

"என்னங்க, இவனைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"லேசாத்தான் இருக்கு. சிரப்பைக் குடு, சரியாப் போயிடும். இன்னிக்கு ஒரு நாள் போகட்டுமே" என்றார் அவர்.

எனக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆபீஸில் அன்று ஆடிட் வேறு. பாரசிட்டமால் சிரப்பைக் கொடுத்தேன். முகம் துடைத்து, பவுடர் போட்டு, அடுத்த தெருவிலுள்ள குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடினேன். பையனுக்கு ஜுரம் இருந்ததை மட்டும் அங்கே சொல்லவில்லை.

இந்தத் தப்பைச் செய்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. "பையனுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. முதுகில நாலஞ்சு கொப்புளம் வேற. உடனே வாங்க." அங்கே போனபோது, ஆயா வேலை பார்க்கும் பெண் அவனை இடுப்பில் வைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறானாம். அவளுக்கு அது ஐந்தாம் மாதம்.

டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார், சின்னம்மை என்று. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என் வயிற்றைக் கலக்கியது. "இவன் போற இடத்துல கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

முன்பு சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிக்கு அது தொற்றினால் நுரையீரலைத் தாக்கி ஆபத்தில் கொண்டு விடலாம். முதல் ஐந்து மாதங்களுக்குள் என்றால், அபூர்வமாக வயிற்றுக் குழந்தைக்கும் ஊனம் ஏற்படலாம். அந்தப் பெண் ஊரிலுள்ள தன் அம்மாவுக்கு போன் போட்டாள். "போட்டுச்சுன்னு ஞாபகம். உனக்கா, உங்க அண்ணனுக்கான்னுதான் தெரியல" என்றாராம் அவர். ரத்தப் பரிசோதனை செய்து, அவளுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு இரவும் நான் கண்ணை மூடவில்லை. அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "காலையில சொல்லியிருந்தா தூக்காம இருந்திருப்பேன்க்கா."

"கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாலயே இது ஒட்டிக்கும். எல்லாத்தையும் நம்மால தடுக்க முடியாது. ஆனா ஜுரத்தை மறைச்சு அனுப்பறதைத் தடுக்கலாமில்லையா?" என்றார் டாக்டரம்மா. பாரசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஜுரத்தைத் தணிக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. காலையில் கொடுத்த மருந்தின் வேகம் மதியம் குறையும். அப்போது குழந்தை அவதிப்படுவது நம் மடியில் அல்ல, பிறர் கையில்.

அப்படியானால் எப்போது அனுப்பலாம், எப்போது கூடாது? டாக்டரம்மா மூன்று கேள்விகள் சொல்லிக் கொடுத்தார். குழந்தை வழக்கம்போல் விளையாடுகிறதா? மற்றக் குழந்தைகளைக் கவனித்தபடியே இவனையும் அங்கே பார்த்துக்கொள்ள முடியுமா? இந்த நோய் மற்றவர்களுக்குத் தொற்றிக் கெடுதல் செய்யுமா? முதல் இரண்டுக்கும் 'ஆமாம்', மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அனுப்பலாம். ஒன்று மாறினாலும் வீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

ஜுரம்: தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்தால் ஜுரம்தான். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் ஜுரமின்றி இருந்த பிறகு அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த அளவு ஜுரம் என்றால், காத்திராமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, தண்ணீராகப் போனாலோ அனுப்பக்கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்னம்மை: கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில்தான். பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். இதற்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஒரு வயது முடிந்த பிறகு போடத் தடுப்பூசி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

கை, கால், வாய்ப் புண்: உள்ளங்கை, உள்ளங்கால், வாய் எல்லாம் சிறு கொப்புளங்கள் வரும் நோய் இது. ஜுரம் விட்டு, வாய்ப்புண் ஆறி, கொப்புளங்கள் காயும்வரை பொறுங்கள். இந்தக் கிருமி மலத்தில் பல வாரங்கள் வெளியேறும். ஆகவே கால் கழுவிவிட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது முக்கியம்.

சிரங்கு: சொறி சிரங்குக்கு டாக்டர் சொன்னபடி முதல் தடவை மருந்து தடவிய மறுநாள் அனுப்பலாம்.

மூச்சு வாங்கினாலோ, விலாப் பக்கம் குழி விழுந்தாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ காப்பகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

அதற்காக மூக்கு ஒழுகினாலே வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டியதில்லை. காப்பகத்தில் சேர்த்த முதல் வருஷத்தில் ஏழெட்டுத் தடவை சளி பிடிப்பது சகஜம். சளி பச்சையாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம்; ஜுரமில்லாமல், நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடினால் அனுப்பலாம். தலையில் பேன் இருந்தாலும் பாதி நாளில் அழைத்து வர வேண்டியதில்லை. அன்று மாலையே மருந்து போட்டால் போதும்.

'இதெல்லாம் சரி, லீவுக்கு எங்கே போவது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் நாள் அவர் லீவு, மறுநாள் நான். மூன்றாம் நாள் ஆனால் என் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வார். "அம்மாதானே பார்க்கணும்" என்று முதலில் முணுமுணுத்தவர், ஒரு நாள் முழுக்க ஜுரக் குழந்தையோடு இருந்து பார்த்தபின் அதைச் சொல்வதில்லை! இந்த ஏற்பாட்டைக் குழந்தை நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழே முக்காலுக்குப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். காப்பகத்தில் சேர்க்கும்போதே அவர்கள் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் என் பாட்டி வேப்பிலைக் கொத்து செருகி வைப்பாள். உள்ளே நோய் இருக்கிறது என்று ஊருக்கே அது தெரிவித்துவிடும். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. நான்தான் பவுடர் பூசி மறைத்தேன்.

போன மாதம் பையனுக்கு மறுபடி உடம்பு சுட்டது. சிரப்பை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்தேன். "இன்னிக்கு இவன் வரமாட்டான். நேத்து ராத்திரியிலேருந்து ஜுரம். மத்தக் குழந்தைகளையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றேன். போனை எடுத்தது அந்தப் பெண்தான். இப்போது அவள் கையிலும் ஒரு குழந்தை. "சொன்னீங்களே, அது போதும்க்கா" என்றாள்.