நேரடியாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்... சர்வே எப்படி உண்மையைக் கண்டுபிடிக்கிறது? தர்மபுரி காட்டும் உதாரணம்

கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வாசலில் நின்று "சர்வே எடுக்க வந்திருக்கோம்" என்றால், பலருக்கும் தோன்றுவது இரண்டு கேள்விதான். இதனால நமக்கு என்ன ஆகப்போகுது? நாலு வீட்டைக் கேட்டு ஊரையே எப்படிச் சொல்ல முடியும்? இரண்டுக்கும் தர்மபுரி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

மறைத்த விஷயம் வெளியே வந்தது எப்படி?

1990களில் சேலம், தர்மபுரி, மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நடப்பதாகத் தொடர்ந்து செய்திகள் வந்தன. எவ்வளவு நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? "உங்க வீட்டில் குழந்தையைக் கொன்னீங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. அது கொலைக் குற்றம்.

அதனால் பிறப்பு-இறப்பு பற்றிய சர்வேக்களில் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்:

• மொத்தம் எத்தனை குழந்தை பிறந்தது?
• ஒவ்வொன்றும் ஆணா, பெண்ணா?
• இப்போது உயிரோடு இருக்கிறதா?
• இல்லையென்றால், பிறந்து எத்தனை நாளில் இறந்தது?

ஒரு தாயின் பதிலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான பதில்களைச் சேர்த்தால்தான் விஷயம் தெரியும். இயற்கையாகப் பார்த்தால், பிறந்த முதல் சில நாட்களில் ஆண் குழந்தைகள்தான் கொஞ்சம் அதிகமாக இறக்கும். ஒரு பகுதியில் மட்டும் இது தலைகீழாக இருந்தால், காரணம் நோய் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளும் இதையே காட்டின. அவற்றில் சில பெண் குழந்தைகளின் இறப்புக்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டிருந்தது. சிசுக்கொலையை நாசூக்காகச் சொல்லும் வார்த்தை அது. ஐஏஎஸ் அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1995ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து, 1997இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் வீடு வீடாகப் பிறப்பு-இறப்பு சர்வேயும் எடுக்கப்பட்டது.

அதனால் என்ன நடந்தது?

எங்கே அதிகம் என்று தெரிந்ததால், எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்தது. தர்மபுரி கிராமங்களில் கலைப்பயணம் என்ற பெயரில் வீதி நாடகங்கள் நடத்தப்பட்டன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தர்மபுரியில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. பிரச்னை முழுசா தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே அழிப்பதும் இந்த எண்ணைக் குறைக்கும். ஆனால் மாற்றம் வந்ததா இல்லையா என்பதை அளக்க, மறுபடியும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

சில வீடுகளை மட்டும் கேட்டால் போதுமா?

கம்பைநல்லூரில் ஒரு சர்வே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்தில் நின்று 200 பேரைக் கேட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர், நடக்க முடியாத பெரியவர், காட்டு வேலைக்குப் போனவர் யாரும் அதில் வர மாட்டார்கள்.

சரியான முறை வேறு. ஒரு பகுதியின் எல்லா வீடுகளையும் முதலில் பட்டியல் போட வேண்டும். 220 வீடு இருந்தால், குலுக்கலில் வந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொரு பத்தாவது வீடாக 22 வீடு எடுக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) ஒரு பகுதிக்கு 22 வீடு என்றுதான் எடுத்தது. தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்கக் கூடாது. மறுபடியும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனா பானையை நல்லா கிளறிட்டு எடுக்கணும்!

கிளறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் உதாரணம். 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிலை வைத்து, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. 48 மாநிலங்களில் 46இல் ஜெயித்தார் ரூஸ்வெல்ட். போன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலையே அந்தப் பத்திரிகை பெரிதும் நம்பியிருந்தது.

பெண்கள்தான் அதிகமா?

நல்ல சர்வேயையும் தவறாகப் படிக்கலாம். 2021 நவம்பரில், இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்று செய்தி பரவியது. அது தேசிய குடும்ப நல ஆய்வின் எண். ஆனால் அது, முந்தைய இரவு வீட்டில் தங்கியிருந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் ஆண்கள் பலர் இதில் விடுபடலாம் என்று நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆய்வில், பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 929 பெண்தான். இயற்கையாக இருக்க வேண்டியது சுமார் 950.

சர்வே செய்தியைப் பார்த்தால் என்ன கேட்கணும்?

• யாரைக் கேட்டார்கள், எப்படித் தேர்வு செய்தார்கள்?
• கேள்வி என்ன வார்த்தையில் இருந்தது?
• எத்தனை பேர் பதில் சொல்லவில்லை?
• நடத்தியது யார், பணம் கொடுத்தது யார்?

வீட்டுக்கு வந்தால்?

முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வது சட்டப்படி கடமை. தேசிய குடும்ப நல ஆய்வு போன்றவற்றில் விருப்பம் இல்லையென்றால் மறுக்கலாம். பதில் சொன்னாலும் உங்கள் பெயர் அறிக்கையில் வராது. வங்கி ஓடிபி, ஏடிஎம் பின் எண் எந்த சர்வேக்கும் தேவையில்லை. யாராவது கேட்டால் கதவைச் சாத்திவிடலாம்.