சர்க்கரை செய்து தழைச்சத்து ஈட்டும் நீலப்பச்சைப் பாசி

நடவு முடிந்து நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில், நீலங்கலந்த பச்சை நிறத்தில் வழுவழுப்பான படலம் மிதப்பதை உழவர் பெருமக்கள் பார்த்திருப்பீர்கள். இதுவே நீலப்பச்சைப் பாசி. இது நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகிறது என்பதை பி. கே. டே என்ற இந்திய அறிவியலாளர் 1939ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆயினும், "பாசி இட்டேன், பலன் தெரியவில்லை" என்று கூறும் உழவர்களும் உள்ளனர். பாசி எவ்வாறு உணவு தேடுகிறது, அந்த உணவை எதற்குச் செலவிடுகிறது என்று தெரிந்துகொண்டால், பலன் குறைவதற்கான காரணம் விளங்கும்.

பாசி செய்யும் சர்க்கரை

பயறுவகைப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியத்தால் தானே சர்க்கரை தயாரிக்க இயலாது. பயிர் தரும் சர்க்கரையை உண்டே அது தழைச்சத்தை நிலைப்படுத்துகிறது. அசோஸ்பைரில்லமும் வேரில் கசியும் உணவை நம்பியே வாழ்கிறது. எனவேதான் இவற்றை விதையிலோ, நாற்றின் வேரிலோ சேர்த்து இடுகிறோம்.

நீலப்பச்சைப் பாசியோ நெற்பயிரைப் போலவே பச்சையம் உடையது. நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை ஐந்து கரி அணுக்கள் கொண்ட ஒரு பொருளுடன் இணைக்கிறது. அது உடனே மூன்று கரி அணுக்கள் கொண்ட இரு துண்டுகளாகப் பிரிகிறது. சூரிய ஒளியின் ஆற்றலால் இத்துண்டுகள் சர்க்கரையாகின்றன. குளோரெல்லா என்ற பச்சைப் பாசியைக் கொண்டு இவ்வழியைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வின் 1961ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நெற்பயிரும் இதே வழியில்தான் சர்க்கரை செய்கிறது.

சர்க்கரை செலவாகும் இடம்

தொழிற்சாலையில் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற 400 டிகிரி சென்டிகிரேடு அளவு வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. பாசி இதனை வயல் நீரின் வெப்பத்திலேயே செய்துவிடுகிறது. ஆனால் செலவு மிக அதிகம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16 செலவாகின்றன.

இப்பணியைச் செய்யும் நொதிக்குப் பிராணவாயு பகை. ஒளியில் சர்க்கரை செய்யும்போதோ பிராணவாயு வெளிப்படுகிறது. எனவே அனபீனா, நாஸ்டாக் போன்ற பாசிகள் வேலையைப் பிரித்துக்கொண்டுள்ளன. பாசிமணி கோத்தாற்போல் உள்ள இவற்றின் உயிரணு வரிசையில், சுமார் 10 முதல் 20 அணுக்களுக்கு ஒன்று தடித்த சுவருடன் தனித்துக் காணப்படும். இதற்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். இது சர்க்கரை செய்வதில்லை, பிராணவாயுவையும் வெளியிடுவதில்லை. பக்கத்து அணுக்கள் தரும் சர்க்கரையைச் சிதைத்து, அதிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு நைட்ரஜனை மாற்றுகிறது. ஈட்டிய தழைச்சத்தை அவ்வணுக்களுக்கே திருப்பித் தருகிறது. பாசி மடிந்து மட்கும்போது இச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. ஆகவே யூரியா இட்டதைப் போன்று நான்கு நாட்களில் பயிர் கரும்பச்சையாக மாறும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

யூரியா தூவினால் என்ன நேரும்?

தழைச்சத்து நீரிலேயே எளிதாகக் கிடைத்தால், பாசி தன் சர்க்கரையைச் செலவிட்டுத் தழைச்சத்து ஈட்ட வேண்டிய தேவை என்ன? தேங்கிய நீரில் யூரியாவைத் தூவினால் பாசியில் ஹெட்டிரோசிஸ்ட் உண்டாவது குறைகிறது. பாசி அழியாமல் பச்சையாகவே மிதக்கும். ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்து ஈட்டுவதை நிறுத்திவிடும். பலன் தெரியாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

நடவு செய்த 10ஆம் நாளில் எக்டருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ உலர்ந்த பாசியை வயல் முழுவதும் சீராகத் தூவவும். பயிர் அடர்ந்து நிழல் மூடுவதற்கு முன் பாசிக்கு வெயில் கிடைக்க வேண்டும் என்பதால் காலந்தாழ்த்த வேண்டாம்.

வயலில் குறைந்த ஆழத்தில் நீர் தொடர்ந்து நிற்கட்டும். பாசி இட்டவுடன் வயலைக் கலக்குவதையும், நீரை வடிப்பதையும் தவிர்க்கவும்.

சூப்பர் பாஸ்பேட்டைப் பரிந்துரைப்படி தவறாமல் இடவும். சர்க்கரை செய்யவும், அதைச் சிதைத்துச் சக்தி பெறவும் பாசிக்கு மணிச்சத்து இன்றியமையாதது. புளிப்புத் தன்மையுள்ள நிலங்களுக்குச் சுண்ணாம்பும் தேவை.

அடியுரமான தழைச்சத்தைக் கடைசி உழவின்போது சேற்றில் நன்கு கலந்துவிடவும். பாசி இடும் நாட்களில் யூரியா மேலுரம் வேண்டாம்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும். ஆகையால் பாசி இட்ட வயலில் அதனைப் பயன்படுத்தாதீர்கள்.

தொடர்ந்து மூன்று பருவங்களுக்கு இட்டு வந்தால் பாசி வயலில் நிலைபெறும். நன்கு நிலைத்த வயலில் எக்டருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து கிடைக்கக்கூடும். 25 கிலோ தழைச்சத்து என்பது சுமார் 54 கிலோ யூரியாவுக்குச் சமம். அந்த அளவிற்கு உரச் செலவைக் குறைக்கலாம். ஆனால் யூரியாவை முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது.

வெயிலும், நீரும், மணிச்சத்தும் கிடைத்தால் பாசி தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். அச்சர்க்கரை தழைச்சத்தாக மாறி உங்கள் பயிரைச் சேரும்படி பார்த்துக்கொள்வது உங்கள் கையில்தான் உள்ளது.