டயர் வெளியே, மட்கார்டு உள்ளே

மழைக்காலத்தில் ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள், மட்கார்டைத் தாண்டி டயர் துருத்தி நிற்கும் வண்டியைக் கண்டால் ஒதுங்கிவிடுவது நல்லது. அந்த டயர் வாரியடிக்கும் சேறும் பொடிக்கல்லும் நேராக ஹெல்மெட் கண்ணாடியில்தான் வந்து விழும். இதைத் தடுக்கத்தான் சக்கர வளைவின் விளிம்பில் ‘ஃபெண்டர் ஃபிளேர்’ எனும் அகலப் பட்டையைப் பொருத்துகிறார்கள். மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் கம்பெனியே வளைவைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் வைத்துத் தருகிறது. டயரை மாற்றும்போதுதான் அது போதாமல் போகிறது.

எவ்வளவு போதாது? சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் டயர் அளவு 255/60 ஆர்18. இதில் 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதைக் கழற்றிவிட்டு 285/60 போட்டால் அகலம் 30 மி.மீ. கூடும், அதில் பாதி, 15 மி.மீ., வெளிப்பக்கம் வரும். அகல டயர் உள்ளே உரசக்கூடாது என்று ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அதை வண்டியில் பொருத்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) குறைந்த அலாய் வீலும் மாட்டுவார்கள். ஆஃப்செட் 33 மி.மீ. குறைந்தால் சக்கரம் அதே அளவு வெளியே நகரும். மொத்தம் 48 மி.மீ.! டயரின் உயரமும் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 84-ல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூடினால் மட்டும் சட்டம் விட்டுவிடாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே, கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள் டயர் வாங்குவதே முதல் வேலை. அதன் பிறகும் மறைப்பு வேண்டும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளுக்கே சங்கிலிப் பட்டைக்கு மேல் மட்கார்டு உண்டு. ஊருக்குள் ஓடும் பிக்கப்புக்கு அது வேண்டாம் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

எதுவரை மூட வேண்டும் என்பதற்கு ஐரோப்பியக் கார்களுக்கான விதி தெளிவான அளவு தருகிறது. சக்கர மையத்துக்கு நேர் மேலிருந்து முன்பக்கம் 30 டிகிரி, பின்பக்கம் 50 டிகிரி வரை டயரின் முழு அகலமும் மறைய வேண்டும். சேறு பின்னோக்கித் தெறிப்பதால் பின்பக்கம் கூடுதல். ஒரு கயிறும் தூக்குக்குண்டும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம்: மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கும் கயிறு டயரில் தட்டினால் மறைப்பு போதவில்லை.

கம்பெனி ஃபிளேரை மாற்றிப் பொருத்தினாலும் பட்டறை வேலையில் கண் வேண்டும். ஸ்க்ரூவுக்காகத் துளை போட்ட இடத்தில் பெயிண்ட் போய் வெறும் தகடு தெரியும். அங்கே ப்ரைமர் தடவாமல் ஃபிளேரை முடுக்கிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் சேறு தங்கி, வெளியே தெரியாமலே துரு அரிக்கும். ஃபிளேருக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் பீடிங் அவசியம். வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே காசு கொடுக்கலாம்.