விலை கொடுத்துச் சுமக்கும் விளம்பரம்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியில் தம் பெயரைப் பொறிக்கக் கடைக்காரர் செலவு செய்கிறார். நமக்கோ அதை இலவசமாக அளிக்கிறார். சுவரில் இடம் தந்த நமக்கு ஆண்டு முழுவதும் தேதி தெரிகிறது. ஜவுளிக்கடையின் மஞ்சப்பையும் அத்தகையதே. இவை நேர்மையான கொடுக்கல் வாங்கல்.

மார்பில் முத்திரை பொறித்த சட்டையின் கணக்கு வேறு. 1933இல் பிரான்சின் லக்கோஸ்ட் நிறுவனம் சட்டையின் மேல் முதலையைப் பொறித்தது முதல் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. விலையும் நாமே கொடுத்து, விளம்பரத்தையும் கூலியின்றிச் சுமக்கிறோம்.

2006இல் வந்த கைத்தறி முத்திரை விளம்பரமன்று. கையால் நெய்ததென வாங்குவோர்க்கு அளிக்கும் சான்று.

பருத்தி விளைவிப்போரும் தறி நெய்வோரும் நாமே. நம் துணி சங்கத்தில் தேங்க, நம் பிள்ளைகள் பிறர் பெயரைச் சுமப்பது தகுமோ? அருப்புக்கோட்டைச் சேலைக்கு அதன் நெசவே விளம்பரம். நம் துணியை நாமே உடுத்துவோம். கேட்பவர்க்குச் சங்கத்தின் பெயரை வாயாரச் சொல்வோம்.