சராசரி ஆழம் ஒன்றரை அடிகூட இல்லை: பொலிவியாவின் சிவப்பு ஏரியில் ஃபிளமிங்கோக்களுக்கு என்ன வேலை?

ரத்தச் சிவப்பில் ஒரு ஏரி, அதில் இளஞ்சிவப்புப் பறவைகள், பின்னால் எரிமலைகள். இந்த ரீல்ஸைப் பார்த்ததும் 'ஃபில்டர் போட்டிருக்காங்க' என்றுதான் தோணும். ஃபில்டர் இல்லை. பொலிவியாவின் தென்மேற்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,280 மீட்டர் உயரத்தில் இருக்கும் லகுனா கொலராடா ஏரியின் நிறமே அதுதான்.

அவ்வளவு உயரத்தில் பாலைவனமா?

ஆமா. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுகிறது. மேற்கே பசிபிக்கில் ஓடும் குளிர் நீரோட்டத்தால் அங்கிருந்தும் மழை வருவதில்லை. கொஞ்சநஞ்சம் ஓடிவரும் தண்ணீரும் கடலுக்குப் போக வழியில்லாமல் பள்ளத்தில் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரந்த ஏரி, ஆனால் பெரும்பாலான இடங்களில் இறங்கி நின்றால் முழங்கால்கூட நனையாது. நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது பனி இல்லை, போராக்ஸ் திட்டுகள்.

சிவப்புக்குக் காரணம் பாசி. சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிரிலிருந்து தப்பிக்க, அது தனக்குள் சிவப்பு நிறமியைத் தயாரித்துக்கொள்கிறது. கேரட்டில் இருக்கிறதே, அதே குடும்பத்து நிறமிதான். இந்த நுண்ணுயிர்களைச் சாப்பிடும் ஃபிளமிங்கோவின் இறகிலும் அது ஏறிவிடுகிறது.

உலகில் மொத்தமே ஆறு வகை ஃபிளமிங்கோ. அதில் மூன்று இங்கே ஒரே ஏரியில். அடையாளம் காண காலைப் பாருங்க. மஞ்சள் கால் என்றால் ஆண்டியன்; சாம்பல் காலில் மூட்டு மட்டும் சிவப்பு என்றால் சிலியன்; கால் முழுக்கச் செங்கல் நிறம், அலகு பளிச்சென்று மஞ்சள் என்றால் ஜேம்ஸ். இந்த ஜேம்ஸ் வகை அழிந்தே போச்சு என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1950-களில்தான் இந்த மலைப்பகுதியில் மறுபடி கண்ணில் பட்டது. இன்று லகுனா கொலராடா அதன் முக்கியமான இனப்பெருக்க இடங்களில் ஒன்று.

போவது எப்படி?

உயூனி ஊரிலிருந்து மூன்று நாள் ஜீப் பயணம்தான் வழக்கம். சிலியின் சான் பெட்ரோ டி அடகாமாவிலிருந்தும் வரலாம். ஆனால் அது சுமார் 2,400 மீட்டரில் இருக்கும் ஊர். அங்கிருந்து ஒரே நாளில் 4,000 மீட்டரைத் தாண்டினால் உடம்பு தாங்காது. லகுனா கொலராடாவில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். லீவு குறைவாக இருந்தாலும் சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் உயூனியில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்குவதுதான் புத்திசாலித்தனம். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீங்க, கீழே இறங்கிடுங்க.

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் அதிகம். ஜூன், ஜூலையில் இரவு மைனஸ் 20 டிகிரி வரை போகும். வழியில் விகூன்யா கூட்டங்கள் மேயும்; ஒட்டகத்துக்குச் சொந்தக்கார விலங்கு. ரோமத்துக்காக வேட்டையாடியதில் 1960-களில் சில ஆயிரமாகக் குறைந்துபோய், தடை வந்த பிறகு லட்சக்கணக்கில் பெருகியது. ஒரு இனம் அப்படி மீண்டது அபூர்வம்.

ஃபோட்டோவுக்காக ஃபிளமிங்கோவை விரட்டிப் பறக்க விடாதீங்க. அதற்குச் சாப்பாட்டு நேரமே போய்விடும்.

லித்தியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீங்க இதைப் படிக்கும் போனின் பேட்டரியில் லித்தியம் இருக்கிறது. உலகின் லித்தியத்தில் பெரும்பங்கு இதே வறண்ட மலைநாட்டின் உப்புப் படுகைகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், சிலியின் அடகாமா உப்புப் படுகையில், நிலத்தடி உப்புநீரைப் பம்ப் செய்து பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் காயவைத்து அதை எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, திரும்புவதில்லை. முழங்கால் ஆழ ஏரிக்கு நீர்மட்டம் சில அங்குலம் இறங்கினாலே கரை எங்கேயோ போய்விடும்.

2022-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி இதழில் வந்த ஆய்வு, அடகாமா படுகையில் 11 ஆண்டுகளில் ஜேம்ஸ், ஆண்டியன் வகைகள் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. பொலிவியாவிலும் லித்தியம் எடுக்கும் வேலைகள் நடக்கின்றன. இப்போதைக்கு அந்தப் பார்வை உயூனி உப்புப் படுகை மீதுதான். அங்கிருந்து லகுனா கொலராடா ஒரு நாள் ஜீப் தூரம்.