தண்ணீருக்கு வேலி இல்லை, முறை உண்டு!

நிலத்தைப் பங்கு போடலாம். வரப்புக் கட்டலாம், வேலி போடலாம். ஆனால் தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது?

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு மீனவர்கள் இந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். அந்த விடைக்குப் பெயர் "பாடு".

உப்பும் இனிப்பும்

பழவேற்காடு ஏரி சாதாரண ஏரி அல்ல. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஆரணி ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த தண்ணீர் இறாலுக்குத் தாய்வீடு மாதிரி. கடலில் பிறந்த இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்கிறது. வளர்ந்ததும் மறுபடி கடலுக்குப் போகிறது. போகிற வழியில் வலை காத்திருக்கிறது!

பாயும் கோலும்

ஏரியின் பெரும் பகுதியில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. அதனால் நீண்ட கோலை ஊன்றித் தள்ளியே படகைச் செலுத்தினார்கள். காற்று வந்தால் பாய் விரித்தார்கள். பக்கத்திலே பக்கிங்ஹாம் கால்வாய். சென்னை வீடுகளின் அடுப்புக்கு விறகு ஏற்றிய பாய்ப்படகுகள் அந்தக் கால்வாயில் வரிசையாகப் போன காலம் உண்டு. இப்போது பாய் குறைந்துவிட்டது, மோட்டார் வந்துவிட்டது.

சென்னைத் துறைமுகத்தில் பாய்ப்படகு விடுவதற்கென்றே ஒரு கிளப் இருக்கிறது. அதுதான் 1911-ம் ஆண்டில் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். பாய்ப்படகுப் போட்டியில் உலகம் முழுவதற்கும் ஒரு விதி உண்டு. இரண்டு படகுகள் எதிர்ப்பட்டால், இடது பக்கம் காற்று வாங்கும் படகு, வலது பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். பணக்காரர் படகா, ஏழை படகா என்று பார்ப்பதில்லை.

படகும் படகும் மோதாமல் இருக்க அந்த விதி. வயிறும் வயிறும் மோதாமல் இருக்கப் பாடு!

சீட்டு எடு, முறை பார்

கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்கள் பாடு முறைக்குப் பெயர் பெற்றவை. இறால் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முகத்துவாரத்துக்கு அருகே உள்ள இடத்தில் இறால் அதிகம் கிடைக்கும். மற்ற இடத்தில் குறையும். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால்? அடிதடிதான்!

அதனால் மீனவர்கள் குழுவாகப் பிரிகிறார்கள். சீட்டுப் போட்டு இடத்தை முடிவு செய்கிறார்கள். உதாரணமாக, மூன்று குழு, மூன்று இடம் என்று வைத்துக்கொள்வோம். இன்று முதல் இடத்தில் வலை கட்டிய குழு, அடுத்த முறை இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும். இப்படியே சுற்றிவந்தால் நல்ல இடமும் எல்லாருக்கும் கிடைக்கும். மோசமான இடமும் எல்லாருக்கும் கிடைக்கும்.

துருக்கியிலும் இதே கதை

துருக்கி நாட்டில் அலான்யா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கேயும் மீனவர்கள் சீட்டுப் போட்டார்கள். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு படகும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். பிறகு மே மாதம் வரை மேற்கே நகர வேண்டும். இத்தகைய ஊர்க்கட்டுப்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-ம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

வெளியே நிற்பவர்கள்

பாட்டிலும் குறை உண்டு. உரிமை உள்ள குடும்பத்தில் பிறந்தவனுக்கே பாட்டில் இடம். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும், பிற்காலத்தில் ஏரித் தொழிலுக்கு வந்த மற்ற ஊர்க்காரர்களும் வெளியே நிற்கிறார்கள். "ஏரி எங்களுக்கும் சொந்தம்தானே?" என்பது அவர்கள் கேள்வி. இதனால் சச்சரவும் நடந்திருக்கிறது.

இன்னொரு கவலை, முகத்துவாரம். மணல் சேர்ந்து அது அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. சீட்டில் முதல் இடமே விழுந்தாலும் வலை காலிதான்! கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போகும் மீனவ வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

சீட்டைக் குலுக்கும் கை நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. ஏரியும் உயிரோடு இருக்க வேண்டும். பங்கு போடத் தெரிந்த ஊருக்கு, பங்கு போட ஏதாவது மிஞ்ச வேண்டாமா?